எர்த் குழி

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் டி.வி. திரையில் குட்டையன் குதித்தபோது, குதித்த உயரத்திலேயே கொஞ்சம் தங்கினான். கண்ணை மூடித் திறக்கிற நேரந்தான். பிறகு இறங்கி வழக்கம்போல ஓடினான். பாயில் சம்மணம் போட்டு விசைகளைத் தட்டிக்கொண்டிருந்த மலர்க்கொடி அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பன் சாமிதுரை கவனித்தான். கவனித்ததும் பயந்தான். விளையாட்டுச் சாமானுக்கு வந்த கோளாறுக்கு ஒரு மனுசன் இப்படிப் பயப்படுவானா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பயப்படக் காரணம் இருந்தது. சாமிதுரை மஸ்கட்டில் ஒயர்மேன். வருசக்கணக்கில் அங்கே கிடந்துவிட்டு, குன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு லீவில் வரும்போதெல்லாம் மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவங்க எப்ப போவாங்க என்று அம்மாவைக் கேட்பாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பெற்ற அப்பன் 'அவங்க'. இந்தத் தடவை அவன் கொண்டுவந்த கம்ப்யூட்டர்தான் அவளைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே இழுத்தது. புத்தக அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் விசைகள். அதை டி.வி.யில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால், காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் ஓடி, அப்புறம் திரையில் ஒரு குகை வரும். குகைக்குள் ஓடிக் குதித்துச் சாவி பொறுக்குகிற குள்ளனுக்கு மலர் வைத்த பெயர் குட்டையன். ஆடும்போது அவள் முழங்கால் அவன் முழங்காலில் படும். சாமிதுரைக்கு அது போதும். ஆட்டம் கெட்டுப்போனால் அவள் எழுந்து போய்விடுவாள்.

மறுநாள் அந்தத் தங்கல் இன்னும் நீண்டது. வெள்ளிக்கிழமை குட்டையன் இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பவன் மாதிரி நடந்தான். சாமிதுரை தொழில்காரன், ஒவ்வொன்றாகப் பார்த்தான். டேப்பின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். இன்னொரு கேசட்டிலிருந்து ஏற்றிப் பார்த்தான். காட்டு மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்போது ஊரில் பல்புகள் மஞ்சளாகிச் சுருங்கும், அதனால் இருக்குமோ என்று அரியலூர் போய் ஸ்டெபிலைசர் வாங்கி வந்தான். ஸ்டெபிலைசரின் முள் ஆடாமல் நின்றது, குட்டையன் ஊர்ந்துகொண்டிருந்தான். சூட்டினாலோ என்று டேபிள் பேனைப் பெட்டியின் பக்கம் திருப்பினான். கடைசியில் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியையே திறந்தான். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. லேசாகப் பால் வாடை அடித்தது, அவ்வளவுதான். காய்ச்சாத பால்.

அவனுக்குப் புரியாதது ஒன்று உண்டு. இந்த மாதிரிப் பெட்டி ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். சோம்பி ஓடாது. மஸ்கட்டில் அறைக்கூட்டாளி சொல்லிக் கொடுத்திருந்தான்: திரையில் நகர்கிற உருப்படிகள் கூடும்போதுதான் அது திணறும். மூன்று வௌவால் சேர்ந்து வந்தால் எல்லாவற்றையும் முறை வைத்து நகர்த்தவேண்டுமே, அதில் குட்டையன் பிந்திப்போவான். இங்கே வௌவாலே இல்லை. குட்டையன் ஒருத்தன்தான். அவன் ஒருத்தனுக்கே திணறுகிறது என்றால், பெட்டி வேறு யாரையோ சேர்த்து நகர்த்திக்கொண்டிருக்கிறது. வேடிக்கையாகத்தான் அப்படி நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

எர்த்தை, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பியை மட்டும் அவன் சந்தேகப்படவில்லை. அது அவன் கையால் போட்டது. வந்த புதிதில், டி.வி. வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டைத் தொட்ட மலருக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது. ஊரான் வீட்டுக்கெல்லாம் எர்த் போட்டவன் வீட்டில் எர்த் இல்லை. மானம் போனதுபோல இருந்தது அவனுக்கு. அன்றைக்கே கடப்பாரையை எடுத்தான். சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போனது. காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்காது. கொல்லையில் ஈரம் இருந்தது ஒரே இடத்தில்தான்: குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில், குளித்த தண்ணீர் ஓடிப்போய்த் தேங்கும் மூலையில். அங்கே தோண்டினான். இடுப்பளவு போனதும் கடப்பாரை ஒரு மண்சட்டியில் இறங்கி, சட்டி நொறுங்கியது. கவிழ்த்து வைத்திருந்த சட்டி. எந்தக் காலத்துக் குப்பையோ என்று ஓடுகளைப் பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, குழாயை நட்டு, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்ற வாகாக மேலே முழங்காலளவுப் பள்ளத்தை விட்டுவைத்தான். கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து டி.வி. ஸ்டாண்டில் கட்டினான்.

அவன் மனைவி பஞ்சவர்ணம் அன்று வெங்காயக் காட்டுக்குப் போயிருந்தாள். பொழுதுசாயத் திரும்பியவள், கூடையை இறக்காமல் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவனோடு அவள் பேசுவதே குறைவு. வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புவாள். அன்றைக்கு மகளிடமும் பேசவில்லை.

எர்த்துக்குத் தண்ணீர் காட்டவேண்டும். தினமும் மத்தியானம், கோழிகூட நிழலை விட்டு வராத வெயிலில், சாமிதுரை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சாய்ப்பான். கரிசல் தண்ணீரை உறிஞ்சும்போது சத்தம் வருவது உண்டுதான், சின்ன வயதிலிருந்து அவன் கேட்ட சத்தம்; ஆனால் இந்தக் குழி குடிக்கிற சத்தம் நடுநடுவே நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி தொடங்கியது, குடம் காலியான பிறகும் உள்ளே எங்கோ வெறும் வாயாகச் சப்பிக்கொண்டிருந்தது. ஈக்கள் அந்த மூலையை மொய்த்தன. உட்கார்ந்த ஈ எழும்பாது. பக்கத்து வீட்டு நாய் வேலி வரைக்கும் வந்து, பல்லைக் காட்டி, திரும்பிப் பார்க்காமல் போனது. அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் என்றால் அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஒரு காரியம் எதுவரை போகிறது என்று பார்க்கிற பார்வை அது. அவனுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

குழிக்கு எவ்வளவு தண்ணீர் போனதோ அவ்வளவுக்கு ஆட்டம் மந்தமானது. பிறகு ஒரு நாள் திரையின் அடியில், குகைத் தரையோடு தரையாக, வெள்ளையாக ஏதோ கிடந்தது. நாலைந்து கட்டங்கள் சேர்ந்த ஓர் உருப்படி. குட்டையனுக்கு இருப்பதுபோல அதற்குக் கால் இல்லை, தொப்பி இல்லை. கேசட்டில் அப்படி ஒன்று கிடையாது. சாமிதுரை அந்த ஆட்டத்தை முழுக்க ஆடித் தீர்த்தவன். அது லேசாக நெளிந்தது. நெளிந்துவிட்டுக் கவிழ்ந்தது.

"நேத்தே வந்துருச்சுப்பா. மல்லாக்கக் கெடந்துச்சு. இன்னிக்குத்தான் குப்புற வுழுது," என்றாள் மலர்.

அப்பா என்றாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. சாமிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், திரையில் கிடந்ததைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். பாவி மனுசன், மகளின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அது தவழ்ந்தது. அடுத்து எதையோ பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அது நின்ற அன்றைக்கு ஆட்டத்தின் மந்தம் போய்விட்டது. குட்டையன் பறந்தான், வௌவால்கள் பறந்தன, மஸ்கட்டில்கூட அந்தப் பெட்டி அப்படி ஓடியதில்லை. கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று சாமிதுரை மகளைப் பார்த்துச் சிரித்தான். மகள் சிரித்தாள். சிரிப்பு வந்து சேர நேரமாயிற்று. உதடு முதலில் அசைந்தது. கன்னம் அப்புறம். கண் கடைசி வரை சிரிக்கவில்லை.

ராத்திரிச் சோற்றை அவள் மென்று முடிக்கவில்லை. பஞ்சவர்ணம் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகும் முதல் கவளம் அவள் வாயில் இருந்தது. கூப்பிட்டால் தலை திரும்பும். அது திரும்பி முடிவதற்குள் அவன் மறுபடி கூப்பிட்டிருப்பான். பேச்சு, இழுத்துப் போன கேசட்டின் பேச்சாக இருந்தது. விசைகளின்மேல் விரல்கள் மட்டும் படபடவென்று ஓடின.

சாமிதுரை பெட்டியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டான். மறுநாள் மலர் எழுந்திருக்கவில்லை. பொழுது உச்சிக்கு வந்தும் எழுந்திருக்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே அவன் அவள் பெயரைப் பலமுறை சொல்லிப் பார்க்க நேரம் இருந்தது. பரண் ஏறிப் பெட்டியை இறக்கி மாட்டினான். கீச்சுச் சத்தம் ஓடி முடிந்து குகை வந்ததும் அவள் கண் திறந்தது.

பெரம்பலூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனான். பஸ் ஊர் எல்லையைத் தாண்டத் தாண்ட, மடியில் இருந்தவளின் கை குளிர்ந்துகொண்டே போனது. இமை பாதி மூடிய இடத்தில் நின்றது. டாக்டர் சோகை என்று டானிக் எழுதினார். திரும்புகிற பஸ்ஸில், ஊர் நெருங்க நெருங்க, அந்த இமை மெதுவாக மீதித் தூரத்தைக் கடந்து மூடித் திறந்தது. மகளை இந்த வீட்டிலிருந்து எங்கும் கொண்டுபோக முடியாது என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது. வைத்திருக்கவும் முடியாது.

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. மலர் நேராக டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாமிதுரை அவள் எதிரே குந்தினான். இது என்ன என்று கேட்டான். உனக்குத் தெரியும், சொல்லு என்று கேட்டான். அவள் தலை நிமிராமல் உரித்தாள். ஒரு வெங்காயம், இன்னொரு வெங்காயம்.

"மலருக்கு முன்னாடி ஒண்ணு கலைஞ்சு போச்சுன்னு ஒங்களுக்குச் சொன்னாங்கல்ல. கலையல. பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. அழுதுச்சு, பால் குடிச்சுது. அப்பறந்தான் போச்சு."

எங்கே என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பெத்தவளுக்கு எடத்தக் காட்டமாட்டாங்க, நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒங்க அக்காதான் தூக்கிக்கிட்டுப் போனாங்க. தண்ணி வுழுற எடமாப் பாத்து வச்சு, மேல சட்டியக் கவுத்துட்டாங்க. எடம் ஈரமா இருந்தாத்தான் அடுத்தது வயித்துல தங்குமாம்."

எர்த்துக்கு ஈரம் தேடிப் போனவனும், பிள்ளைக்கு ஈரம் தேடிப் போனவளும் ஒரே மூலைக்குத்தான் போயிருக்கிறார்கள். அந்தக் கொல்லையில் வேறு ஈரம் கிடையாது. கடப்பாரை இறங்கிய சத்தம் இப்போது அவன் காதுக்குள் மறுபடி கேட்டது. நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினான்.

பஞ்சவர்ணம் இப்போதுதான் நிமிர்ந்தாள். வெங்காயம் உரித்த கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"இத்தன வருசமா நான் குளிச்ச தண்ணிதான் அதுக்குப் போச்சு. இருக்கியா இல்லியான்னு நீங்க கேக்கல. இப்ப கொடங்கொடமா ஊத்துறீங்க. அதுவும் யாரு ஊத்துறான்னு பாக்கத்தானே செய்யும்?"

அவன் எழுந்து கொல்லைக்கு ஓடினான்.

கொல்லையில் காற்று இல்லை. வெப்பம் மண்ணிலிருந்து முகத்துக்கு ஏறியது. பால் வாடை. புளித்த பால், ஈர உப்பு, கரி, அதற்கெல்லாம் அடியில் பிறந்த குழந்தையின் உச்சந்தலை வாடை. மலர் பிறந்தபோது அந்த வாடையை முகர அவன் ஊரில் இல்லை, ஆனாலும் இன்னதென்று தெரிந்தது. ஜன்னல் வழியாக டி.வி.யின் நீல வெளிச்சம் விழுந்து பள்ளத்தின் தண்ணீரில் ஆடியது. நேற்று ஊற்றிய தண்ணீர். குடிக்கப்படாமல் நின்றது.

குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். ஆளுயரக் குழாய். கடப்பாரை போட்டு நெம்பினால்தான் வரும் என்று நினைத்திருந்தான். எளிதாக வந்தது. அடியிலிருந்து யாரோ தள்ளிக் கொடுத்ததுபோல வந்தது. கம்பியை அறுத்து, குழாயை வேலிப் பக்கம் வீசினான்.

வீட்டுக்குள்ளே ஆட்டத்தின் சத்தம் நின்றது.

ஜன்னலைப் பார்த்தான். திரை இருந்தது. குகை இருந்தது. குட்டையன் அந்தரத்தில். கீழே நின்றிருந்த வெள்ளை உருப்படியைக் காணவில்லை. திரைக்கு முன்னால் மலர். விரல் விசையின்மேல். அசையவில்லை. எதுவும் அசையவில்லை. பஞ்சவர்ணம் ஓடிவந்து மகளின் மூக்கடியில் புறங்கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். வைத்தபடியே ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயம்.

"ஏங்க. மூச்சு வரல."

குழாயைத் தேடினான். இருட்டு. வேலி முள் கையைக் கிழித்தது. கிடைக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கம்பியை இழுத்துச் சேற்றில் சொருகினான். ஒன்றும் இல்லை. இன்னும் ஆழமாகச் சொருகினான். ஒன்றும் இல்லை. பஞ்சவர்ணம் மகளின் மார்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், பெயரைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கால் வழுக்கியது. முழங்கால்வரை பள்ளத்துக்குள் போனான். கம்பி கையில் இருந்தது.

உள்ளங்கையில் லேசாகச் சுருசுருவென்றது. அந்தச் சுருசுருப்பு தோளில் ஏறி, நெஞ்சைக் கடந்து, இடுப்பில் இறங்கி, பாதம் வழியாகச் சேற்றுக்குள் போனது.

உள்ளே மலர் இருமினாள். மூச்சை இழுத்தாள். குட்டையன் தரையில் இறங்கி ஓடினான்.

கம்பியை விட்டான். நிசப்தம்.

பிடித்தான். மூச்சு.

மறுபடி விட்டுப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"அப்பா," என்றாள் மலர் உள்ளேயிருந்து. இழுக்காத, தேயாத குரல். பழைய மலரின் குரல். "இப்ப நல்லா ஓடுதுப்பா. வாங்க."

"வரேன் சாமி. நீ ஆடு," என்றான்.

சேறு குளிர்ச்சியாக இருந்தது. சுற்றிலும் ஊர் வெந்து கிடக்க, அந்தப் பள்ளம் மட்டும் குளிர்ந்தது. மலரின் சிரிப்பு கேட்டது. விசைகளின் சத்தம் கேட்டது. காலடியில் மண் கொஞ்சம் நெளிந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி நெளிந்தது. எதையோ தேடுகிற மாதிரி. அவன் கட்டைவிரலை ஏதோ தொட்டது. மெத்தென்று. சின்னதாக. ஒவ்வொன்றாக ஐந்து விரல்கள் அதைச் சுற்றி மூடின.

பிறந்த பிள்ளையின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது.

பிடி இறுகியது. சேற்றுக்குள்ளிருந்து இன்னொரு கை, அவன் கணுக்காலைத் தடவித் தடவி, மேலே ஏற இடம் பார்த்தது.